சிஸ்டம் கால்களை உருவாக்கி டிரேசிங் கருவிகளைச் சோதிப்பது: காரைக்குடி லினக்ஸ் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் எங்கள் லினக்ஸ் கர்னல் வகுப்புக்குத் தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, கண்காணிக்கும் கருவியைச் சொந்தமாக எழுதிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. எழுதிய கருவி உண்மையைச் சொல்கிறதா என்று சோதிக்கும் பொறுமைதான் அபூர்வம். அந்தச் சோதனை பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எண்கள் தனியாகக் குறிப்பிடாத இடங்களில் 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு உரியவை.

சிஸ்டம் கால் என்றால் என்ன? டிரேசிங் கருவி எதைப் பார்க்கிறது?

ஒரு நிரல் கோப்பைத் திறக்கவோ, படிக்கவோ, வேறொரு நிரலைத் தொடங்கவோ கர்னலிடம்தான் கேட்க வேண்டும். அந்த வேண்டுகோளே சிஸ்டம் கால். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு: ரீட் 0, ரைட் 1, எக்ஸிட் 60. எண்ணையும் அளவுருக்களையும் சிபியுவின் பதிவேடுகளில் (ரிஜிஸ்டர்களில்) வைத்துக் கர்னலுக்குள் நுழைகிறது நிரல். விடையோடு வெளியே வருகிறது. நுழைவையும் வெளியேற்றத்தையும் குறித்துக்கொள்வதுதான் டிரேசிங். எஸ்ட்ரேஸ் என்ற கருவி இதை பிடிரேஸ் (ஒரு நிரல் இன்னொன்றை நிறுத்திப் பார்க்கக் கர்னல் தரும் வசதி) வழியாகச் செய்கிறது. எஃப்ட்ரேஸ், பெர்ஃப், பிபிஎஃப்ட்ரேஸ் ஆகியவை கர்னலுக்குள்ளேயே இருக்கும் தடப்புள்ளிகளை, அதாவது ஒரு நிகழ்வு நடக்கும்போது தகவல் தரும் இடங்களை, பயன்படுத்துகின்றன.

செயற்கையாக ஏன் உருவாக்க வேண்டும்? ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தாலே ஆயிரக்கணக்கில் வருகின்றனவே?

வருகின்றன. ஆனால் எத்தனை வந்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? கருவி 48,211 என்று காட்டினால் அது சரியா தவறா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

நம் ஊரில் ஐந்தொகை எடுப்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருப்பீர்கள். பேரேட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதால் மட்டும் கணக்கு சரியாகிவிடாது. வரவும் பற்றும் நேர் நிற்க வேண்டும். டிரேசிங் கருவியின் சோதனையும் அப்படித்தான். முன்கூட்டியே விடை தெரிந்த ஒரு நிரலை ஓட்டி, கருவி அதே விடையைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். திரையில் வரிகள் மழையாகக் கொட்டுவது சோதனை ஆகாது.

சரி, எந்த சிஸ்டம் காலில் தொடங்குவது?

கர்னலுக்குள் மிகக் குறைந்த வேலை செய்யும் ஒன்றில் தொடங்குங்கள். பலரும் பிராசஸின் (ஓடும் நிரலின்) சொந்த எண்ணைக் கேட்கும் கெட்பிஐடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் கெட்பிபிஐடி, அதாவது தாய்ப் பிராசஸின் எண்ணைக் கேட்கும் அழைப்பைச் சிபாரிசு செய்வேன். காரணம் உண்டு: ஜிலிப்சி (நிரல்களுக்கும் கர்னலுக்கும் இடையில் நிற்கும் சி நூலகம்) 2.3.4 முதல் 2.24 வரையான பதிப்புகள் கெட்பிஐடியின் விடையை ஒருமுறை வாங்கித் தம்மிடமே வைத்துக்கொண்டன. அத்தகைய பழைய கணினியில் 10 லட்சம் முறை கேட்டாலும் கர்னலுக்கு ஒரு முறைதான் செய்தி போகும். 2017இல் வந்த 2.25 பதிப்பில்தான் அந்த வழக்கம் நீக்கப்பட்டது. சில ஆய்வகக் கணினிகளில் இருக்கும் இயங்குதளத்தின் வயதைப் பார்த்தால் இதை இன்னும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

எழுதச் சோம்பலாக இருந்தால் பெர்ஃப் கருவியிலேயே ஓர் அளவீட்டுச் சோதனை இருக்கிறது. "பெர்ஃப் பெஞ்ச் சிஸ்கால் பேசிக்" என்பது கெட்பிபிஐடியை 1 கோடி முறை அழைக்கும். டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையும் கைவசம் இருக்கிறது: டெவ்-ஜீரோ என்ற பூஜ்யக் கோப்பிலிருந்து டெவ்-நல் என்ற வெற்றுக் கோப்புக்கு, ஒரு பைட் வீதம், 10 லட்சம் முறை என்று சொன்னால் 10 லட்சம் ரீட், 10 லட்சம் ரைட். தொடக்கத்தில் நூலகங்களை ஏற்றும்போதும் முடிவில் தகவல் காட்டும்போதும் வரும் சில அழைப்புகள் இதில் சேரும்.

அந்தச் "சில" உறுத்துகிறதா? உறுத்த வேண்டும். அப்படியானால் நூலகமே இல்லாமல் அசெம்பிளியில் ஒரு நிரல் எழுதுங்கள்: ஒரு ரைட், ஒரு எக்ஸிட், அவ்வளவுதான். எஸ்ட்ரேஸ் வழியாக அதை ஓட்டினால் எக்ஸிக்வீ (நிரலைத் தொடங்கும் அழைப்பு), ரைட், எக்ஸிட் என்று மூன்றே அழைப்புகள் வரும். உங்கள் கருவி அதில் நான்காவதைக் காட்டினாலும் இரண்டோடு நின்றாலும் தவறு கருவியில் இருக்கிறது. பத்து லட்சத்தைச் சரிபார்ப்பதற்கு முன் இந்த மூன்றைச் சரிபார்த்துவிடுங்கள்.

10 லட்சம் அனுப்பினேன், கருவி 9 லட்சத்துச் சொச்சம்தான் காட்டுகிறது. மீதி எங்கே?

வகுப்பில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். விடையும் பெரும்பாலும் ஒன்றுதான். நிகழ்வுகள் முதலில் ஒரு வளைய நினைவகத்தில் விழுகின்றன. உங்கள் கருவி அங்கிருந்து எடுத்துப் படிக்கிறது. விழும் வேகத்துக்கு எடுக்கும் வேகம் ஈடுகொடுக்காவிட்டால் இழப்பு. எஃப்ட்ரேஸில் ஒரு சிபியுவுக்கு 1408 கிலோபைட் என்பதே வழக்கமான அளவு. நுழைவும் வெளியேற்றமுமாக ஓர் அழைப்புக்கு ஏறக்குறைய 100 பைட் என்று வைத்தால் 14,000 அழைப்புகளிலேயே அது நிரம்பிவிடும். வெறும் கெட்பிபிஐடி சுற்று ஒரு நொடிக்குப் பல லட்சம் அழைப்புகளை உற்பத்தி செய்யக்கூடியது. எடுத்துப் படிக்க ஆளில்லையென்றால், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் கதை முடிந்துவிடும்.

எத்தனை தொலைந்தது என்பதைவிட எவை தொலைந்தன என்பது முக்கியம். அதற்குக் கெட்பிபிஐடி உதவாது. எல்லா அழைப்பும் ஒரே மாதிரி இருக்கும். அளவுருவில் வரிசை எண்ணை ஏற்றி அனுப்புங்கள். நான் பரிந்துரைக்கும் வழி குளோஸ் அழைப்பு. திறக்கவே திறக்காத கோப்பு எண்களை, 10,00,001, 10,00,002 என்று ஒவ்வொன்றாக மூடச் சொல்லுங்கள். கர்னல் ஒவ்வொரு முறையும் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று பிழை எண் 9ஐத் திருப்பும். யாருக்கும் சேதமில்லை. கருவியின் பதிவிலோ ஒவ்வொரு அழைப்பும் தன் வரிசை எண்ணோடு நிற்கும்.

பதிவில் ஆரம்ப எண்கள் காணாமல் போய்க் கடைசி எண்கள் இருந்தால், நினைவகம் பழையதை அழித்துப் புதியதை எழுதுகிறது என்று பொருள். எஃப்ட்ரேஸின் இயல்பான குணம் அது. ஆரம்ப எண்கள் இருந்து நடுவில் கொத்துக் கொத்தாக இடைவெளி விழுந்தால், இடமில்லாதபோது புதியதைக் கைவிடுகிறது என்று பொருள். பெர்ஃபின் வளையமும், கர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் இபிபிஎஃப் வசதியின் வளையங்களும் பொதுவாக அப்படி நடக்கும். இடைவெளியே இல்லாமல் வரிசை மட்டும் முன்பின்னாக இருந்தால் அது இழப்பு அல்ல, சிபியுக்களின் பதிவுகளை ஒன்றுசேர்க்கும் இடத்தில் உள்ள கோளாறு. டாஸ்க்செட் கட்டளையால் நிரலை ஒரே சிபியுவில் கட்டிப்போட்டு ஒரு முறையும், எல்லா சிபியுக்களிலும் பரப்பி ஒரு முறையும் ஓட்டினால் இரண்டும் பிரிந்து தெரியும்.

இழப்பு நேர்வது குற்றமில்லை. சொல்லாமல் இழப்பதுதான் குற்றம். பெர்ஃப் தொலைந்ததைத் தொலைந்தது என்று சொல்கிறது. எஃப்ட்ரேஸில் ஒவ்வொரு சிபியுவின் புள்ளிவிவரக் கோப்பிலும் "ஓவர்ரன்" என்ற எண் இருக்கிறது. உங்கள் கருவியும், காட்டிய எண்ணிக்கை, தொலைந்த எண்ணிக்கை இரண்டையும் கூட்டினால் அனுப்பிய எண்ணிக்கை வருமாறு இருக்க வேண்டும்.

நேரத்தைக் கேட்கும் நிரலை ஓட்டினால் ஒரு வரிகூட வரவில்லையே?

வராது. கிளாக்-கெட்டைம், கெட்டைம்ஆஃப்டே போன்றவற்றைப் பெரும்பாலும் கர்னலுக்குள் போகாமலே முடித்துக்கொள்ள விடிஎஸ்ஓ என்ற சிறு நூலகத்தைக் கர்னலே ஒவ்வொரு நிரலின் நினைவகத்திலும் வைத்திருக்கிறது. சிஸ்டம் கால் நடக்கவே இல்லை. உங்கள் கருவி சொல்வது சரி. சிஸ்கால் என்ற பொதுச் சார்பின் வழியாக எண்ணைக் கொடுத்து நேரடியாக அழைத்தால் உடனே வரி வரும். இரண்டு விதத்தையும் சோதனையில் வைத்திருங்கள்: வரக் கூடாதது வராமல் இருப்பதும் ஒரு விடைதான்.

ஓப்பன் எழுதினேன், ஓப்பன்அட் என்று வருகிறது. ஃபோர்க் எழுதினேன், குளோன் வருகிறது.

நீங்கள் அழைத்தது ஜிலிப்சியின் சார்பை. 2.26 பதிப்பிலிருந்து அதன் ஓப்பன் உள்ளே ஓப்பன்அட்டைத்தான் அழைக்கிறது. பிள்ளைப் பிராசஸை உண்டாக்கும் ஃபோர்க் அதற்கும் வெகு முன்பிருந்தே குளோனாகப் போகிறது. நிரலின் இறுதியில் வரும் எக்ஸிட்டும் எக்ஸிட்-குரூப்பாக மாறிவிடும். குறிப்பிட்ட அழைப்பே வேண்டுமென்றால் எண்ணைக் கொடுத்து நேரடியாக அழையுங்கள்.

அதே நிரலை ராஸ்பெர்ரி பையில் ஓட்டினால் எண்கள் எல்லாம் மாறுகின்றனவே?

64 பிட் ஆர்ம் கட்டமைப்பின் எண் பட்டியல் வேறு. அங்கே ரீட் 63, ரைட் 64, கெட்பிஐடி 172. ஓப்பனும் ஃபோர்க்கும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. எண்ணை நிரலில் நேராக எழுதாமல் தலைப்புக் கோப்பில் உள்ள பெயரால் எழுதினால் தொல்லை குறையும்.

நுழைவு எண்ணிக்கையும் வெளியேற்ற எண்ணிக்கையும் நேர் நிற்கவில்லை. பிழையா?

எப்போதும் பிழை என்று சொல்ல முடியாது. கருவி எழுதுபவர் கண்டிப்பாக அறிந்திருக்க வேண்டிய விதிவிலக்குகள் இங்கேதான் இருக்கின்றன.

எக்ஸிட்-குரூப் உள்ளே போகும், திரும்பி வராது. குளோன் ஒருமுறை நுழைந்து இருமுறை வெளிவரும்: தாயிடம் பிள்ளையின் எண், பிள்ளையிடம் பூஜ்யம். எக்ஸிக்வீ வெற்றி பெற்றால் வெளியே வருவது வேறொரு நிரல். அதைவிடக் குழப்பம், பல இழைகள் (திரெட்கள்) கொண்ட ஒரு நிரலில் முதன்மை அல்லாத ஓர் இழை எக்ஸிக்வீயை அழைப்பது. நுழையும்போது அதற்கு ஓர் இழை எண். வெளிவரும்போது முதன்மை இழையின் எண்ணை அது எடுத்துக்கொண்டிருக்கும். இழை எண்ணை வைத்து நுழைவையும் வெளியேற்றத்தையும் ஜோடி சேர்க்கும் கருவிகள் இங்கே தடுமாறும். வேண்டுமென்றே இப்படி ஒரு நிரல் எழுதி ஓட்டிப் பாருங்கள்.

ஸ்லீப் கட்டளையை 60 நொடிக்குக் கொடுத்துவிட்டு, இடையில் கன்ட்ரோல்-இசட் அழுத்தி நிறுத்தி மீண்டும் தொடரச் சொல்லுங்கள். வெளியேற்றத்தில் -516 என்ற மதிப்பு வரும். அடுத்து ரீஸ்டார்ட்-சிஸ்கால் என்று நீங்கள் எழுதாத ஓர் அழைப்பு, எண் 219, வரும். இந்த -516, இதன் உறவான -512 எல்லாம் கர்னலின் உள்வீட்டுப் பேச்சு. சாதாரண நிரல்களின் கண்ணுக்குப் படாது. டிரேசிங் கருவிக்கு மட்டும் தெரியும். அவற்றை "தெரியாத பிழை" என்று அச்சிடும் கருவி இன்னும் வேகவில்லை.

கருவியைத் தொடங்கும்போதே கர்னலுக்குள் காத்திருந்த அழைப்புகளுக்கு வெளியேற்றம் மட்டும் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

32 பிட் நிரல்களையும் சோதிக்க வேண்டுமா? இப்போது யார் அதை ஓட்டுகிறார்கள்?

கருவியிலிருந்து ஒளிய நினைப்பவர்கள் ஓட்டுவார்கள். 64 பிட் நிரலுக்குள்ளிருந்தே, 32 பிட் ஆதரவு உள்ள கர்னலில், பழைய 0எக்ஸ்80 குறுக்கீட்டின் வழியாக அழைக்க முடியும். அப்போது 32 பிட் பட்டியல் அமலுக்கு வரும். அதில் 20 என்றால் கெட்பிஐடி. 64 பிட் பட்டியலில் 20 என்றால் ரைட்வி. கட்டமைப்பைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்க்கும் கருவி, தன் எண்ணைக் கேட்ட நிரலை எதையோ எழுதியதாகக் குற்றஞ்சாட்டும். எஃப்ட்ரேஸின் தனித்தனி சிஸ்டம் கால் தடப்புள்ளிகள் இந்த வகை அழைப்புகளைப் பதிவதே இல்லை; பொதுவான சிஸ்-என்டர் தடப்புள்ளி மட்டும் 20 என்று காட்டும். பிடிரேஸில் இந்த மயக்கத்தைத் தீர்க்கும் வசதி 2019இல் வந்த கர்னல் 5.3இல்தான் சேர்ந்தது.

இபிபிஎஃப் கருவியில் சில சமயம் கோப்புப் பெயர் காலியாக வருகிறது. ஏன்?

நுழைவின்போது கருவியிடம் இருப்பது பெயர் அல்ல, பெயர் இருக்கும் முகவரி. அந்த முகவரி அடங்கிய நினைவகத் துண்டு ("பக்கம்") இன்னும் நினைவகத்துக்குள் வந்து சேராமல் இருக்கலாம். கர்னல் தானே படிக்கும்போது பக்கத்தை வரவழைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் இருக்கும் இபிபிஎஃப் நிரலால் காத்திருக்க முடியாது, வெறுங்கையோடு திரும்பும். இதைச் செயற்கையாக உண்டாக்கலாம்: பெயரை ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பை எம்மேப் செய்து (நினைவக முகவரியோடு இணைத்து), தொடாமலே அந்த முகவரியைத் திறக்கக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக வேண்டுமானால் மேட்வைஸ் மூலம் பக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டு அழையுங்கள்.

வெளியேற்றத்தில் படித்தால் பெயர் கிடைத்துவிடும். ஆனால் இடைப்பட்ட நேரத்தில் வேறோர் இழை பெயரை மாற்றியிருக்க முடியும். கண்காணிப்புக்கு இது போதும். பாதுகாப்புக் கருவிக்குப் போதாது.

கோப்புப் பெயர் தமிழில் இருந்தால்?

இதைச் சோதிக்காத கருவியை நம் ஊரில் யாரும் நம்ப வேண்டாம். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். "காரைக்குடி" என்பது 10 குறியீடுகள், 30 பைட். எஸ்ட்ரேஸ் இதை எழுத்தாகக் காட்டாது. 340, 256 என்று எண்ம முறை எண்களாகக் கொட்டும். ரைட் அழைப்பில் முதல் 32 பைட்டோடு வெட்டியும்விடும்.

பிராசஸின் பெயருக்குக் கர்னல் தருவது 16 பைட், அதில் ஒன்று முடிவுக்குறி. மீதி 15 பைட்டில் "காரைக்குடி" என்று பெயர் வைத்தால் "காரைக" என்று நிற்கும். அதுகூடப் பரவாயில்லை. முன்னால் "1" என்ற எண்ணைச் சேர்த்துப் பெயர் வையுங்கள்: இப்போது நான்கு குறியீடுகள் முழுதாகவும் ஐந்தாவதில் இரண்டு பைட் மட்டும் அரைகுறையாகவும் நிற்கும். செல்லாத யூடிஎஃப்-8. பதிவை ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றும் கருவிகள் பல இங்கே விழுந்துவிடும். ஒரு வரியில் எழுதக்கூடிய சோதனை. ஆங்கிலப் பெயர்களோடு மட்டும் சோதிப்பவர்களின் கண்ணில் இது படுவதே இல்லை.

எந்த நிரலும் ஓடாதபோதே கருவியில் வரிகள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றனவே?

உங்கள் கருவி திரையில் ஒரு வரி எழுதுகிறது. எழுதுவது ஒரு ரைட். அந்த ரைட்டையும் கருவி பிடிக்கிறது. அதற்கும் ஒரு வரி எழுதுகிறது. கருவி தன் பிராசஸ் எண்ணை விலக்க வேண்டும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து வேலை செய்தால் எஸ்எஸ்எச் சேவையும் இதே சுழலில் சேரும். பதிவைக் கோப்புக்குத் திருப்பிவிட்டுச் சோதியுங்கள்.

கருவியால் எவ்வளவு வேகம் குறைகிறது என்று அளந்தால் ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது.

சித்திரை மாதம் மதியம் அளந்திருப்பீர்கள். பழைய லேப்டாப் சூடேறினால் சிபியு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளிர்ச்சிதான் என்றாலும், அதன்மேல் லேப்டாப்பை வைத்து இந்தப் பிரச்சினையைத் தீர்க்க முடியாது. கருவியோடு ஒரு முறை, கருவியின்றி ஒரு முறை என்று மாற்றி மாற்றி ஓட்டி, நடுமதிப்பை எடுங்கள். எல்லாவற்றையும் முதலில் கருவியின்றி ஓட்டி முடித்துவிட்டுப் பிறகு கருவியோடு ஓட்டினால் சூட்டின் பழியும் கருவியின் தலையில் விழும்.

கெட்பிபிஐடி சுற்றில் கிடைக்கும் எண் மிக மோசமான நிலை என்பதையும் நினைவில் வையுங்கள். எஸ்ட்ரேஸ் ஒவ்வோர் அழைப்பிலும் நிரலை இருமுறை நிறுத்துகிறது. வெற்று அழைப்புகளால் மட்டுமே ஆன நிரலில் அந்தச் சுமை பூதாகாரமாகத் தெரியும். கணக்குப் போடுவதிலேயே நேரத்தைச் செலவிடும் நிரலில் தெரியவே தெரியாது.

ஐஓ-யூரிங் பயன்படுத்தும் நிரலைக் கருவி பார்க்கவே இல்லை.

கர்னல் 5.1இல், 2019இல், யென்ஸ் அக்ஸ்போ கொண்டுவந்த ஏற்பாடு அது. நிரல் தன் வேண்டுகோள்களைக் கர்னலோடு பகிர்ந்துகொள்ளும் ஒரு வரிசையில் போடுகிறது. நூறு ரீட்களுக்கும் சேர்த்து ஒரே ஓர் அழைப்பு மட்டும் தெரியலாம்; கர்னலின் ஓர் இழையே வரிசையைக் கவனிக்கும் முறையில் அதுவும் தெரியாமல் போகலாம். சிஸ்டம் கால் தடப்புள்ளிகளை மட்டும் நம்பும் பாதுகாப்புக் கருவிக்கு இது பெரிய குருட்டுப்புள்ளி. ஐஓ-யூரிங்குக்கென்று தனித் தடப்புள்ளிகள் இருக்கின்றன, அவற்றையும் சேருங்கள். சோதிக்க எஃப்ஐஓ என்ற வட்டு வேகச் சோதனைக் கருவியில் அந்த முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஸ்ட்ரெஸ்-என்ஜி, டிரினிட்டி, சிஸ்காலர் எல்லாம் இருக்கும்போது நாமே ஏன் எழுத வேண்டும்?

வேலை வேறு. காலின் இயன் கிங் எழுதிய ஸ்ட்ரெஸ்-என்ஜி பளு ஏற்றுவதற்கு அருமையானது. பட்டியலில் இல்லாத எண்களை அழைக்கும் சோதனைகூட அதில் உண்டு. கர்னல் பிழை எண் 38ஐத் திருப்பும்போது உங்கள் கருவி பெயரில்லாத எண்ணை எப்படிக் காட்டுகிறது என்று பார்க்கலாம். டேவ் ஜோன்ஸின் டிரினிட்டியும், கூகுளில் டிமித்ரி வியுகோவ் தொடங்கிய சிஸ்காலரும் கர்னலை உடைத்துப் பார்ப்பதற்கு. அவற்றின் கீழ் உங்கள் கருவி விழாமல் நிற்கிறதா என்று பார்க்கலாம். எண்ணிக்கை சரியா என்று அவை சொல்ல மாட்டா.

சொந்தக் கணினியில், அதிலும் ரூட்டாக (முழு அதிகாரத்தோடு), இவற்றை ஓட்ட வேண்டாம். ரீபூட் அழைப்பு தற்செயலாக நடந்துவிடாமல் இருக்க இரண்டு மந்திர எண்கள் கேட்கும். இரண்டாவதாகத் தரக்கூடிய எண்களில் ஒன்றைப் பதினறும முறையில் எழுதினால் லினஸ் டோர்வால்ட்ஸின் பிறந்த நாள், 28-12-1969. ஆனால் கில் அழைப்புக்கு அப்படி எந்தப் பூட்டும் இல்லை. -1, 9 என்று இரண்டு எண்கள் அமைந்தால் போதும், ஓடும் நிரல்கள் ஏறக்குறைய அனைத்தும் அந்த நொடியே சாகும்.

என்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். வேர்ச்சுவல் மெஷின் ஓடுமா?

ஓடும். வரைகலைத் திரை வேண்டாம். கெமு என்ற வேர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் 512 எம்பி நினைவகமும் எழுத்துத் திரையும் மட்டும் கொடுத்து ஒரு சிறு லினக்ஸை ஏற்றுங்கள். மேலே சொன்ன சோதனைகளில் சிஸ்காலரைத் தவிர மற்றவை அதில் அடங்கும். சிபியுவில் கேவிஎம் (வேர்ச்சுவல் மெஷினை வேகமாக ஓட்டும் வசதி) ஆதரவு இருந்தால் அதை இயக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வேக அளவீடுகளுக்கு அர்த்தமே இருக்காது. உள்ளே இருக்கும் கர்னலின் செய்திகளை சீரியல் கன்சோல் வழியாக வெளியே உள்ள ஒரு கோப்புக்கு அனுப்பி வையுங்கள். உள்ளே கர்னல் விழுந்தாலும் கடைசி வரிகள் வெளியே இருக்கும்.